செயலாளரின் நீல ஃபைல்

மூன்று கிழமையாக ஒரு நீல ஃபைல் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மூலைகள் தேய்ந்து, இரண்டு றப்பர் பட்டி போட்டு இறுக்கி, முகப்பில் எங்கள் கல்லூரியின் பெயரும் 'பழைய மாணவர் சங்கம், ஆக்லாந்துக் கிளை' என்ற வரியும் அச்செழுத்தைப் போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தது. செயலாளரின் மகள்தான் கொண்டுவந்து தந்தாள். அவருடைய செத்தவீடு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இங்கே பிறந்த பிள்ளை, வாசலில் நின்றபடி ஆங்கிலத்தில்தான் பேசினாள். இதை உங்கள் கையில் மட்டும் கொடுக்கும்படி அப்பா சொன்னார், வேறு ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம் என்றார் என்றாள். நன்றி சொல்லி வாங்கிக் கதவைச் சாத்தினேன். "செத்தும் இந்த மனுசன் என்னை விடேல்லை பார்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவரை எனக்குப் பிடிக்காது. செத்துப்போன ஒருவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்பார்கள், எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு அவரைப் பிடிக்காது. யாழ்ப்பாணத்தில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவர். இங்கே பிஸ்கட் ஃபாக்டரியில் பெட்டி அடுக்கினார். ஆனால் நடை, உடை, இருமல் எல்லாம் கச்சேரிதான். கல்யாணவீட்டில் புதிதாக ஒரு முகத்தைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "நீர் எந்த பட்ச்?" என்பார். எந்த ஆண்டு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய், யார் வகுப்பாசிரியர், எந்த ஆண்டு வெளியேறினாய் என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். சோற்றுத் தட்டோடு நிற்கிறவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். சின்னப் பிள்ளைகள்கூட அவருடைய குரலில் "எந்த பட்ச்?" என்று கேட்டு விளையாடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கிளைக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அணி என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒன்பது பேர். அதில் மூவருக்கு முழங்கால் சரியில்லை, ஒருவருக்கு மனைவி சரி என்றால்தான் வரலாம். ஞாயிறு பின்னேரங்களில் மவுண்ட் ரொஸ்கில் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் சமூக அணிகளுக்கான லீக் நடக்கும். சமோவாக்காரர், தொங்காக்காரர், பிலிப்பைன்ஸ்காரர், சீனர், நாங்கள். தோற்பதென்றால் அப்படி இப்படித் தோல்வியில்லை. எதிர் அணியின் அம்மாமார் எங்களுக்காக இரங்கிக் கைதட்டும் அளவுக்குத் தோற்றோம். ஊரில் எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னால் மற்றப் பள்ளிக்கூடங்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்ததாம். அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு இங்கே வந்து ஞாயிறுக்கு ஞாயிறு அடி வாங்கினோம்.

அணிக்கு ஆட்கள் இல்லாவிட்டாலும் ரசிகர்களுக்குக் குறைவில்லை. ஒடாஹுஹுவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்களும் இருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுவார்கள். கார் டிக்கிகள் திறக்கும், தேத்தண்ணி ஃபிளாஸ்க்கும் ரோல்ஸ் பெட்டியும் வெளியே வரும், பிறகு வழக்குத் தொடங்கும். யாரை எடுப்பது, யாரைத் தூக்குவது, அடுத்த ஆண்டுக்கு அணி இருக்குமா இல்லையா. ஆட்டம் ஒரு மணித்தியாலம் என்றால் இந்த வழக்கு இரண்டு மணித்தியாலம் நடக்கும். ஊரில் டாக்டராக இருந்து இங்கே பதிவு கிடைக்காமல் டாக்ஸி ஓட்டிய ஒருவர்தான் அதற்குத் தலைமை. ஒரு கையில் ரோல்ஸ், மறு கையால் செயலாளரை நோக்கிக் குத்துவார்.

"அண்ணை, பழைய மாணவர் மட்டும்தான் விளையாடலாம் எண்டு நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டா, வாற வருசம் வீல்செயரிலைதான் டீம் இறக்கோணும். வெளியிலை இருந்து ஆக்களை எடுங்கோ!"

"இது கல்லூரியின்ரை பேரிலை இருக்கிற டீம். கண்டவனையும் போட ஏலாது" என்பார் செயலாளர்.

"கண்டவனோ? கண்டவன் எண்டாலும் பரவாயில்லை, பந்தைக் கண்டவனா இருக்கோணும்!"

தமிழ்நாட்டிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் பொழுதுபோக்குக்காக எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வருவார். பாவம், அவருக்கு இந்தச் சண்டையின் தலையும் வாலும் புரியாது. "ஏங்க, ஸ்கூல் சர்டிஃபிகேட்டைப் பாத்தா பந்து கூடைக்குள்ள விழுது? நல்லா ஆடுறவனைச் சேத்துக்க வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டார். கூட்டம் கைதட்டியது. செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்து சங்க விதியை வாசித்தார். அன்று ஒருவர் பேப்பர் கோப்பையைக் கசக்கி அவர் காலடியில் எறிந்தார். அவர் வாசிப்பை நிறுத்தவில்லை.

செயலாளருக்கு அடுத்தபடியாக ஏச்சு வாங்கியவன் நான். எங்கள் ஒன்பது பேரில் நான்தான் உயரம் என்பதால் கூடைக்குக் கீழே என்னை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு 'தூண்' என்று பெயர் வைத்தவர் டாக்டர். "டேய் தூண், உன்ரை கால் வேர் விட்டிட்டுதோ? அசையடா!" என்று மேல்வரிசையிலிருந்து கத்துவார், பார்வையாளர் வாங்கு முழுவதும் சிரிக்கும். வீட்டில் வந்து குளிக்கும்போதும் அந்தச் சிரிப்புக் கேட்கும். ஆனாலும் நான் போனேன். கிழமை முழுவதும் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ட்ராலி தள்ளினேன். அங்கே என் பெயரை ஒழுங்காக உச்சரிக்க ஒருவருக்கும் வராது. ஞாயிறு ஒருநாள் மட்டும் முதல் ஐந்து பேரில் ஒருவனாக, முதுகில் இலக்கத்தோடு இறங்குவேன். அந்தச் சட்டையோடு எடுத்த படத்தை அப்பா ஊரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் ரானுயிக்காரன் வந்தான். அகதியாக வந்து நகரின் மேற்கு ஓரத்தில் ரானுயியில் ஒரு அறையில் தனியாக இருந்தவன், மரம் அரிகிற பலகை மடுவத்தில் வேலை. என்னைவிட ஒரு சாண் உயரம். அன்று பயிற்சிக்கு முதலில் வந்துசேர்ந்தவர்கள் நானும் அவனும்தான். காரைப் பூட்டிவிட்டுத் திரும்புகிறேன், ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "டேய்! எட்டாம் வகுப்பு பி! என்னைத் தெரியேல்லையோ?" எனக்கு உடனே தெரிந்தது. ஏன் தெரியாது? இரண்டு வருசம் வகுப்பின் கடைசி வாங்கில் என் பக்கத்தில் இருந்தவன். "இஞ்சை ஒருத்தரையும் தெரியாது மச்சான். ஆரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே மாசக்கணக்காச்சு" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் கட்டிப்பிடித்தேன். பிறகு உள்ளே போய் அவன் பந்தைத் தொட்டான். முதல் பத்து நிமிசத்திலேயே மற்றவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டாக்டர் வாங்கிலிருந்து எழுந்து நின்று, "தூணைக் கழட்டி வைக்கலாம், கோபுரம் வந்திட்டுது!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ரானுயிக்காரன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

சங்கத்தில் சேரக் கல்லூரியின் விடுகைப் பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பழைய மாணவர்கள் சாட்சிக் கையெழுத்து வைக்க வேண்டும், அதில் ஒருவராவது அதே வகுப்பில் படித்தவராக இருக்க வேண்டும். ரானுயிக்காரனிடம் பத்திரம் இல்லை. ஷெல் விழுந்த நாளில் உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு ஓடியவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? அடுத்த ஞாயிறு, ஜிம்மிலேயே நடந்த சங்கக் கூட்டத்துக்கு முன்னால், செயலாளர் என்னை ஜிம்முக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டார். ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"தம்பி, இஞ்சை அந்த பட்சிலை நீர் ஒருத்தர்தானே. இந்தப் பொடியன் உம்மோடை படிச்சதெண்டு சொல்லுறான். தெரியுமோ?"

ஓம் என்று ஒரு சொல். ஒரு கையெழுத்து. அதை வைத்தால் அடுத்த ஞாயிறு நான் வாங்கில், அவன் கூடைக்குக் கீழே. எனக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

"ஞாபகம் இல்லை அண்ணை. கன பேர் படிச்சவங்கள்" என்றேன்.

அவர் றப்பர் பட்டியைக் கழற்றி ஃபைலைப் பாதி திறந்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லும்" என்றார். "இல்லை அண்ணை, தெரியாது." அவர் றப்பர் பட்டியைப் போட்டு ஃபைலை மூடினார். கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆதாரம் போதாது. விதிப்படி சேர்க்க ஏலாது" என்று மட்டும் சொன்னார். ஜிம் அதிர்ந்தது. "விசர்க் கிழவன்!" என்றார் ஒருவர். "உன்ரை கச்சேரிப் புத்தியை இஞ்சையும் காட்டுறியோ?" என்றார் இன்னொருவர். ரானுயிக்காரன் கதவருகில் நின்று என்னையே பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் எழுந்து, "இதென்ன அநியாயம் அண்ணை! இப்பிடி ஒரு பிளேயரை விடலாமோ?" என்று கத்தினேன். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். செயலாளர் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறப்பார், நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார்.

மறு ஆண்டு ரானுயிக்காரன் ஒடாஹுஹுவில் இருந்த ஒரு தொங்காத் தேவாலயத்தின் அணிக்கு விளையாடினான். அவர்கள் அவனிடம் காலணி அளவைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். எங்களோடு மோதிய அன்று என் தலைக்கு மேலால் எத்தனை பந்து போட்டான் என்று நான் எண்ணவில்லை. எங்கள் ரசிகர்களே எங்களை விட்டுவிட்டு அவனுக்குக் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையாகக் கைகுலுக்கியபோது அவன் என் கையை விடாமல் பிடித்தான். "வகுப்பிலை வரவு இடாப்பு கூப்பிடேக்கை உன்ரை பேருக்குப் பிறகு என்ரை பேர். ரண்டு வருசம், ஒவ்வொரு நாளும். அதுவுமோ மறந்துபோச்சு?" மெதுவாகத்தான் கேட்டான். நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினேன். நூல் அவிழ்ந்திருக்கவே இல்லை.

அன்று கார் நிறுத்துமிடத்தில் நடந்தது விவாதமல்ல. செயலாளரைக் காரோடு சாத்திவைத்து ஏசினார்கள். "அந்தப் பொடியனைத் துரத்தினது நீர்தான்!" என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். செயலாளரின் மனைவி காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதார். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவரை விலக்கத் தீர்மானம் வந்தபோது முதலில் உயர்ந்த கை என்னுடையது. அணி அந்த ஆண்டோடு கலைந்தது. ரானுயிக்காரன் பிரிஸ்பேன் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேல், எந்தக் கொண்டாட்டத்திலும் நாலுபேர் கூடினால் நான் இந்தக் கதையைச் சொல்வேன். ஒரு முட்டாள் செயலாளர் ஒரு கடதாசிக்காக ஒரு நல்ல ஆட்டக்காரனை எப்படித் தொலைத்தார் என்ற கதை. அவருடைய குரலில் "எந்த பட்ச்?" என்று சொல்லிக் காட்டுவேன். சிலவேளை அவர் அதே மண்டபத்தின் மூலையில் தனியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கேட்டும் இருப்பார். அவரைக் கண்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவர் வாயில் இருந்த ஒரு வசனத்துக்குத்தான் அவ்வளவு காலமும் பயந்தேன் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது கிளைக்கு நான் தலைவர். அதனால்தான் ஃபைல் எனக்கு வந்தது என்று மனைவி சொன்னாள். நேற்று அவள் மேசையைத் துடைக்க வேண்டும் என்று சத்தம் போட்ட பிறகுதான் பட்டிகளைக் கழற்றினேன். ஒரு பட்டி கையிலேயே அறுந்தது. கூட்ட அறிக்கைகளையும் பழைய கடிதங்களையும் எதிர்பார்த்தேன். உள்ளே ஒரேயொரு தாள்தான் இருந்தது, ரானுயிக்காரனின் விண்ணப்பம்.

மேலே அவன் பெயர், அவன் எழுத்தில். கீழே சாட்சிகளுக்கு இரண்டு கோடுகள். முதலாவது கோட்டில் செயலாளரின் கையெழுத்து. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: 'கச்சேரி விட்டு வரும் வழியில் கல்லூரி மைதானத்தில் இவர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுவதைப் பலமுறை நேரில் கண்டுள்ளேன்.' திகதி, நான் கத்திய கூட்டத்துக்கு முந்தின நாள். அவருக்கு அவனைத் தெரிந்திருந்தது. அவனோடு ஒரே வாங்கில் இருந்தவனிடம் ஒரு கையெழுத்து வாங்கத்தான் அன்று ஜிம்முக்குப் பின்னால் வந்திருக்கிறார்.

இரண்டாவது கோடு வெறுமையாக இருந்தது. அதன் கீழே, நான் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, பென்சிலால் என் பெயரை எழுதி வைத்திருந்தார். அவர் அதை அழிக்கவில்லை. ஒருவருக்கும் காட்டவுமில்லை.

எட்டாம் வகுப்பு இடாப்பில் என் பெயருக்குக் கீழே அவன் பெயர் இருந்தது. இந்தத் தாளில் அவன் பெயருக்குக் கீழே என் பெயர். பேனையை எடுத்தேன். மனைவி குசினியிலிருந்து, "என்னப்பா அது, ஆரின்ரை ஃபோர்ம்?" என்று கேட்டாள்.

"தெரிஞ்ச பொடியன்" என்றேன். "என்னோடை படிச்சவன்."