மாமாவின் கிழட்டுக் குதிரைகள்

என் மாமா ஆட்டோ பொத்தானை மட்டும் தொடவே மாட்டார். கம்ப்யூட்டரில் அவர் ஆடும் போர் விளையாட்டில், ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் திரை ஒரு கேள்வி கேட்கும். நீயே நின்று நடத்துகிறாயா, இல்லை நானே கணக்குப் போட்டு முடிவைச் சொல்லட்டுமா? இரண்டாவதுதான் ஆட்டோ. அதைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் வெற்றியோ தோல்வியோ வந்துவிடும். மாமாவோ ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மெனக்கெட்டு ஒரே சண்டையைப் போடுவார். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அம்மாவுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

"அத்தத் தட்னா, முன்னால நிக்கிற நம்மாளுங்கள பூரா சாவடிச்சிட்டு ஜெயிச்சிட்டேன்னு சொல்லும் பாப்பா. நம்ம குதிரைங்கள அது பாக்குமா இன்னா?" என்பார்.

நம்ம குதிரைகள் என்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் கிடைத்த கிழட்டுக் குதிரைப்படை. நல்ல படைகள் சேர்ந்த பிறகும் மாமா அதைக் கலைக்கவில்லை. எனக்கு அந்தக் குதிரைகள் என்றால் உயிர். இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில் என்று அவற்றைக் காட்டோரமாக ஒளித்து நடத்திப்போய், கடைசியில் எதிரியின் முதுகுப்பக்கம் இறக்குவார். நான் நாற்காலியில் ஏறிக் குதிப்பேன்.

மற்ற நாட்களில் மாமா மாங்காட்டிலிருந்து பஸ் பிடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய், இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. சரக்கு வேகமாகப் போக வேண்டுமென்றால் ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கும்படி குச்சியைச் செருகிவிடுவார்கள்; ஒரு கை சும்மா இருக்கும். அங்கே அது ஊரறிந்த ரகசியம். அந்த வாரம் அவசர ஆர்டர். மாமாவின் மெஷினிலும் குச்சி இருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

என்னிடம் கையில் அடி என்று மட்டும் சொன்னார்கள். எனக்கோ பாதியில் நின்ற சண்டையைப் பற்றித்தான் கவலை. கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

சூப்பர்வைசர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். "நீ ஒண்ணும் கவலப்படாத நைனா. வேற ஆளப் போட்டு அன்னிக்கே சரக்க அனுப்ச்சிட்டோம். ஆர்டரு கெடல." ஆறுதலாகத்தான் சொன்னார்.

கட்டுப் பிரித்த அன்று கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன. பயந்து அழுதேன். என்னைத் தேற்றுவதற்காக மாமாவே கம்ப்யூட்டரைப் போட்டார்.

மவுஸ் வலது கையில் நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினால் கீபோர்டுக்குக் கை இல்லை. குதிரைகள் நேராக ஈட்டிகளை நோக்கி நடந்தன. மாமா அவசரமாக ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, அந்தச் சண்டையை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். திரை வழக்கமான கேள்வியைக் கேட்டது. இந்த முறை மாமா இடது கையால் ஆட்டோவைத் தட்டினார்.

வெற்றி. கீழே படைகளின் கணக்கு வந்தது. மற்றவற்றுக்கு லேசான சேதம். குதிரைப்படையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"ஜெயிச்சிட்டோம் மாமா!" என்றேன்.

"ஆமா பாப்பா. ஆர்டரு கெடல."

விளையாட்டில் ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவின் கண் கலங்கியிருந்தது மட்டும் தெரிந்தது. குதிரைகளுக்காகத்தான் என்று நினைத்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாத மாமா. வேற குதிர போட்டுக்கலாம்."

நானும் ஆறுதலாகத்தான் சொன்னேன்.