பன் கொடுத்துத் திறந்த ரயில்வே கேட்

ரொட்டிக்கடைக்காரர் கால் உடைந்தது ரயிலாலும் இல்லை, வேனாலும் இல்லை, மாவு மூட்டையால். அடுக்கிலிருந்து சரிந்த மூட்டை நேராகக் காலில் விழுந்தது. "மாவு மூட்டையால உடைஞ்ச காலுக்கு மாவுக்கட்டு! பொருத்தம் பிரமாதம்ணே" என்று அவருடைய தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. கடை தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். ரொட்டி வாங்கும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், டீக்கடைகள் எல்லாம் அந்தப் பக்கம். கூலிக்கு அமர்த்திய டிரைவர் வளைவுகளில் வேனை ஒடித்த ஒடிப்பில் பன்னெல்லாம் அப்பளமானது. ஏன் என்று கேட்டதும் ஆள் கம்பி நீட்டிவிட்டார்.

"நானே ஓட்டக் கத்துக்கிறேன்" என்றாள் அவள்.

கட்டிலில் கிடந்த கணவர் தலையைத் தூக்கினார். "நீயா? சைக்கிள்ல போனாலே, எதிர்ல ஆடு வந்தா இறங்கி நின்னு வழி விடுறவ நீ!"

"அதனாலதான் என் கால் ரெண்டும் நல்லா இருக்கு."

தினமும் மாவு பிசைந்த கை. ஸ்டியரிங் சொன்னபடி கேட்டது. கியரும் பிடிபட்டது. பிடிபடாதது ரயில்வே கேட் ஒன்றுதான். லைசென்ஸ் தேர்வு வைக்கும் அதிகாரியோ எல்லாரையும் அந்த வழியாகத்தான் கூட்டிப்போவார்.

முதல் தடவை, கேட் திறந்திருந்தது. ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று படித்தது நினைவுக்கு வர, தேர்வுக் காரைத் தண்டவாளத்தின் நடுவில் நிறுத்தி, நிதானமாக இடமும் வலமும் பார்த்தாள்.

அதிகாரி சீட்டைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நாம முன்னாடியே நின்னு ரயிலைப் பாக்கணும். மேலேறி நின்னா ரயில்தான் நம்மளப் பாக்கும். எடுங்க, எடுங்க!"

இரண்டாம் தடவை கோட்டுக்கு முன்னால் ஒழுங்காக நின்றாள், பார்த்தாள், ஏறினாள். பாதி வழியில் பதற்றத்தில் கியரை மாற்றப்போக, கார் இருமிவிட்டு அணைந்தது. அதிகாரி கதவைத் திறந்து இறங்கியே விட்டார்.

அன்று மாலை மாவு மேசை பள்ளிக்கூடமானது. மாவைத் தூவி இரண்டு தண்டவாளம் போட்டாள். கேக் தட்டுதான் வேன். நாத்தனார் வாயால் கூவிக்கொண்டே ரயிலாக வந்தாள். கட்டிலிலிருந்து கணவர் உத்தரவு போட்டார்.

"கோட்டுக்கு முன்னால நில்லு. கண்ணாடிய இறக்கிக் காது குடு. ஏறிட்டா கியரைத் தொடாதே. கேட் மூடியிருந்தா உன் வரிசையிலயே நில்லு, எதிர் வரிசைல மூக்க நீட்டாதே. முக்கியமா, அந்தப் பக்கம் உன் வண்டி நிக்க இடம் இருந்தாத்தான் ஏறணும்."

"இடம் இல்லன்னா?"

"எவன் கத்துனாலும் நில்லு."

மூன்றாம் தடவை லைசென்ஸ் கிடைத்தது. அதிகாரி அவளைவிடப் பெரிய மூச்சு விட்டார்.

முதல் சவாரிக்கு நாத்தனாரும் தொற்றிக்கொண்டாள். கேட் மூடியிருந்தது. இவர்கள் வேன்தான் வரிசையில் முதல். அவள் பிரேக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஆனால் பின்னால் வந்தவர்களுக்குப் பொறுமை ஏது? பைக், கார், சரக்கு ஆட்டோ என்று ஒவ்வொன்றாக எதிர் வரிசையில் போய் முட்டி நின்றன. கேட்டுக்கு அந்தப் பக்கத்திலும் இதே கூத்து.

ரயில் போனது. கேட் எழுந்தது. இரண்டு பக்கமும் 'நான் முந்தி நீ முந்தி' என்று பாய்ந்தன. தண்டவாளத்தின் நடுவில் சரக்கு ஆட்டோவும் எதிரே வந்த நீலக் காரும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

அவள் மட்டும் கோட்டைத் தாண்டவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"ஏம்மா, எடும்மா! தூங்குறியா?" என்று ஒரு லாரிக்காரர் கத்தினார்.

"அந்தப் பக்கம் இடம் இல்லண்ணே. எங்க போய் நிக்கிறது, உங்க தலைமேலயா?"

அவள் குரல் தைரியமாக இருந்தது.

கேட்காரர் கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஓடிவந்தார். "அடுத்த வண்டிய சிக்னல்ல நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க வழிவிட்டாத்தான் கேட்டை மூட முடியும். யாராவது பின்னால எடுங்கய்யா!"

"அவன் எடுக்கட்டும்." "முதல்ல அவன எடுக்கச் சொல்லு." தூரத்தில் நின்ற ரயில் நீளமாக ஒரு தடவை கூவியது. யாரும் அசைவதாக இல்லை.

அவள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். அப்போதுதான் சுட்ட பன்னின் வாசனை ரோட்டையே வளைத்தது. ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"பின்னால எடுக்கிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பன். சுடச்சுட இருக்கு. யார் முதல்ல?"

எதிர் வரிசையின் கடைசியில் நின்ற பைக் ஆள் சிரித்தார். "காலைல சாப்பிடவே இல்லக்கா" என்று காலால் உந்திப் பின்னால் போனார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவருக்கு அடுத்தவர். நாத்தனார் ஓடி ஓடிப் பன் கொடுத்தாள். "உங்க வீட்டம்மாவுக்கும் ஒண்ணு வேணுமா? இன்னும் ரெண்டடி போங்க!" கடைசியில் சரக்கு ஆட்டோவும் அசைந்தது. நீலக் கார்க்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பன்னை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தண்டவாளம் காலியானது. கேட்காரர் மறுபடி கேட்டை இறக்க, காத்திருந்த ரயில் கடகடவென்று போனது. இந்த முறை கேட் திறந்தபோது அவரவர் அவரவர் வரிசையில் இருந்தார்கள். அவள் எட்டிப்பார்த்தாள்; அந்தப் பக்கம் தாராளமாக இடம் இருந்தது. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு தாண்டினாள்.

ஆஸ்பத்திரிக்கு ரொட்டி தாமதமாகத்தான் போனது. டீக்கடைகளுக்குப் பன்னே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர் குடைந்தார்.

"அவ்வளவு பன்னும் எங்கடி போச்சு?"

"லைசென்ஸ் வாங்க லஞ்சம் குடுக்கல. ரோட்டைத் திறக்கத்தான் குடுத்தேன்" என்றாள்.

மறுநாள் கடை திறக்குமுன்பே அந்த லாரிக்காரர் வாசலில் நின்றார். "நேத்து எனக்கு மட்டும் பன் கிடைக்கல" என்று குறைப்பட்டுக்கொண்டு ஒரு பை நிறைய வாங்கிப்போனார். அவர் பின்னாலேயே அந்த பைக் ஆளும் வந்தார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வேன் சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. கணவருக்கு அடுப்படியே பிடித்துப்போயிற்று. நின்ற இடத்திலேயே வேலை, ஹாரன் சத்தம் கிடையாது. கேட் மூடியிருக்கும் நேரங்களில் அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, நாத்தனாரோடு ஊர்க்கதை பேசுவாள். சென்ற வாரம் பேச்சோடு பேச்சாக, லாரி ஓட்டவும் லைசென்ஸ் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.


"எடுங்க அண்ணி" என்றாளாம் நாத்தனார். "ஆனா அந்த அதிகாரிகிட்ட முன்கூட்டியே சொல்லிடுவோம். பாவம், மனுஷன் லீவு கீவு போடணும்னா போட்டுக்கட்டும்."