ஆள் மாறி வந்த பகிடி

கணவர் இறந்த பிறகு டோர்செட் பார்க் அடுக்குமாடியில் நான் தனியாக இருக்கிறேன். ஸ்ரௌவ்வில்லில் வசிக்கும் மகள் தினமும் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ அம்மா? குளிசை போட்டீங்களோ?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன மாரிக் குளிரில் ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததுமே ஓர் ஆண்குரல், "என்னடி கிழவி, இன்னும் சாகேல்லையோ?" என்றது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பைக் கேட்டதும் அவர் பதறிப்போனார்.

"ஐயோ, குறை நினைக்காதேங்கோ. என்ரை தங்கச்சி எண்டு நினைச்சு பகிடிக்குச் சொன்னனான்."

"பரவாயில்லை அண்ணை, இப்பிடிக் கேட்டு எவ்வளவு காலம்!" என்றேன். அவர் வெட்கப்பட்டு போனை வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பகிடி விடுவது கணவரின் வேலை, சிரிப்பது என் வேலை. அவர் போனபின் எல்லோரும் என்னோடு மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். சீண்டத்தான் ஒருவருமில்லை.

அன்று மாலை மகள் போன் எடுத்தபோது, "பிள்ளை, நான் ரெண்டாம் கலியாணம் கட்டப்போறன்" என்றேன்.

 அவள் பயந்த குரலில், "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

"பகிடி பிள்ளை."

அவள் சிரிக்கவில்லை. அவளைக் குறைசொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் நான் அவளோடு ஒரு பகிடிகூட விட்டதில்லை. நாளைக்கும் ஒன்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.