நனையாத முகூர்த்தச் சேலை

தறிக்குழியில் கால் இறங்கிவிட்டால் நெசவாளி ரங்கராஜ் அருப்புக்கோட்டையில் இருக்கமாட்டான். ஏதோ ஒரு மழையூரில் இருப்பான். எண்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் மட்டும் அந்தக் கனவு அடிக்கடி கலைந்தது. வறட்டுக் காற்றில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் பட்பட்டென்று அறுந்து தெறித்தன. நெய்துகொண்டிருந்ததோ அவன் கல்யாணத்துக்கான முகூர்த்தச் சேலை. மாப்பிள்ளை வீட்டுத் தறியில்தான் அதை நெய்ய வேண்டும், தாலி ஏறும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

உப்பு லாரி ஓட்டும் இருளப்பசாமிதான் வழி சொன்னார். உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரைப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் கலந்தால் நூல் காயாது என்றார்; ஒரு கேனும் கொண்டுவந்து தந்தார். அதில் இருப்பது மக்னீசியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் உப்பு. புதுப் பாவுக்கு அந்தக் கஞ்சியைப் போட்டான். அதன்பின் இழை அறவில்லை. துணியைத் தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. மழை பெய்யாத ஊரில் மழையை நெய்துவிட்டதாக ரங்கராஜுக்கு நினைப்பு. சிரித்துக்கொண்டே சேலையைக் காரியாபட்டிக்கு, பெண் வீட்டுக்கு அனுப்பினான்.

அந்த உப்பைச் சுட்டால், பிடித்துவைத்த ஈரத்தோடு சேர்ந்து அமில ஆவியாகக் கிளம்பும், பருத்தியைத் தின்னும். இது இருளப்பசாமிக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் ராமலட்சுமி கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் சேலையைத் தேய்த்தாள். நெடி மூக்கில் ஏறியது. மடிப்பு ஓரமாகத் துணி இற்றுக் கிழிந்தது. அபசகுனம், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று தாய்மாமன் குதித்தாராம். சேதி ரங்கராஜுக்கு வந்தது. சேலை போனால் போகட்டும், அவள் போய்விடுவாளே என்பதுதான் அவன் பயம்.

வந்தாள். அதே சேலையில், கிழிசலைக் கொசுவத்துக்குள் மறைத்துக்கொண்டு. பெட்டியிலிருந்து கங்கு விழுந்துவிட்டது, தப்பு என்மேல்தான் என்று சொல்லி மாமன் வாயை அடைத்திருக்கிறாள்.

தெலுங்கு பேசும் குடும்பங்களான அந்த இரண்டு வீடுகளிலும் கொஞ்சுவதற்குத் தெலுங்கு, கண்டிப்பதற்குத் தமிழ். மணவறையில் குனிந்த தலை நிமிராமல் அவள் தமிழில்தான் கேட்டாள்.

“கஞ்சியில என்னத்தப் போட்டீக?”

உப்பளத்துத் தண்ணீர் என்று முனகினான்.

“உப்புன்னா ஒரு தடவ அலசுனாப் போயிருக்குமே. வழக்கமாவது மண்ணாவது. அடுத்த சேலைய நனைச்சுட்டுத்தான் தேய்ப்பேன்.”

திட்டுதான். ஆனால் ரங்கராஜ் காதில் விழுந்தது ‘அடுத்த சேலை’ மட்டும்தான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.