ஜே. டி. மூடிய பக்கம்

எதையுமே நம்பாத ஒருவர், முப்பத்தொரு வருடம், அக்டோபர் தோறும், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில் பேய் நாவல்களை ஏன் எடுத்துக் கொடுத்தார்? வெர்னா ஹகாலாவின் வாழ்க்கை என் முன் வைத்த கேள்வி இது. எளிய கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். வேலை, கொடுத்தார், அவ்வளவுதானே.

செம்புச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் மிஞ்சியவற்றில் நூலகமும் ஒன்று. வெர்னா அதன் ஒரே முழுநேர ஊழியர். நான் நூலகக் குழுவில் இருந்தேன். அவரை அன்பானவர் என்று சொல்ல மாட்டேன். நியாயமானவர். புத்தகம் தாமதமானால் மேயர் வீடானாலும் தொலைபேசி அடிப்பார். தேவாலயத்துக்குப் போவதில்லை. யாராவது இறந்தால் இரங்கல் அட்டை அனுப்புவார், அதில் கையெழுத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் இருக்காது.

அக்டோபர் முதல் வாரத்தில் ஜன்னலோர மேசையைக் காலி செய்து, பேய் நாவல்களை அடுக்குவார். ஒவ்வொன்றையும் முதலில் அவரே படித்திருப்பார். ஹாலோவீன் வரைக்கும் பள்ளி விட்டதும் அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம்தான்.

"மிஸஸ் ஹகாலா, இது ரொம்ப பயமா இருக்குமா?"

"உனக்கா? உனக்கு கணக்குப் புத்தகமே பயமாத்தானே இருக்கு."

"அவன விடுங்க. எனக்கு?"

"உனக்கு இருக்காது. இதுல வர்ற பேய் உன் அண்ணன விட நல்லவன்."

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. பயம் தாங்காமல் புத்தகத்தை மூடியவர், பின்னட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரின் முதலெழுத்துகளையும் மூடிய பக்கத்தின் எண்ணையும் எழுதவேண்டும். முழுதும் படித்தவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போடலாம். பொய் வட்டம் போட்டவனைக் கடைசி வரியைச் சொல்லச் சொல்லி மடக்குவார்கள். வேறு நூலகமாக இருந்தால் ரப்பரால் அழித்திருப்பார்கள். வெர்னா அழிக்கவில்லை. பயந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிற பிள்ளைகளை அவர் மதித்தார் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை.

ஜோடி ட்ரெம்பாத் அந்த மேசையின் மிகப் பெரிய பயந்தாங்கொள்ளி. இறைச்சியும் வெங்காயமும் அடைத்துச் சுடுகிற பேஸ்டி கடையில் வேலை பார்த்த மொரீனின் ஒரே மகள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஜே. டி. 12, ஜே. டி. 19, ஒருமுறை ஜே. டி. 7. மற்ற பிள்ளைகள் விடவில்லை.

"ஏழாம் பக்கமா? அடியே, ஏழாம் பக்கத்துல இன்னும் யாரும் அந்த வீட்டுக்குள்ளயே போகலயே!"

"போகப் போறாங்கன்னு தெரிஞ்சுதே. அது போதாதா?"

பயந்தாலும் எடுப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் துணிச்சல் அதுதான் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை; நானும்தான்.

எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. குளத்தின் மேல் உறைகிற நவம்பரின் முதல் பனிக்கட்டியை நம்புவது. நேற்று அதன் மேல் நாய் நடந்து போனது, ஆகவே இன்று நாமும் போகலாம் என்பது எங்கள் கணக்கு. பழைய சுரங்கக் குளத்தைக் குறுக்கே கடந்தால் நூலகத்துக்கு முக்கால் மைல் நடை மிச்சமாகும். 1996 நவம்பரில் ஒரு பிற்பகல், ஜோடி பாதிக் குளம் வரைதான் வந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது. பிளாஸ்டிக் பையில் இறுகச் சுற்றிவைத்திருந்த புத்தகம் நனையாமல் கிடைத்தது. பின்னட்டையில் ஜே. டி. 23.

அந்தப் புத்தகம் ஆறு நாள் தாமதம். அன்று காலை வெர்னா அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி அடித்திருந்தார். இதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார், அதுவும் ஒரு வருடம் கழித்து, புத்தகங்களைத் துடைத்துக்கொண்டே.

"இன்னிக்கே கொண்டு வா, வேற ஒரு பொண்ணு காத்திருக்கான்னு சொன்னேன். சரின்னா. அவ்வளவுதான் பேச்சு."

"நீங்க குளத்து வழியா வரச் சொல்லலயே, வெர்னா."

"இன்னிக்கேன்னு சொன்னேன்ல."

அதன் பிறகு தாமதமான எந்தப் புத்தகத்துக்காகவும் அவர் யாரையும் அழைக்கவில்லை.

அதே வருடம், 1997 அக்டோபரில், புதிய நாவல்களின் பெட்டி வந்தது. ஒட்டு நாடாவை வெர்னா வெட்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாவது புத்தகத்தின் முதுகு விறைப்பாகவே இருந்தது, ஒரு கையும் விரித்துப் பார்க்காத புத்தகம். பின்னட்டையின் உள்ளே, பென்சிலில்: ஜே. டி. 31. ஆங்கில 'ஜே'யின் வால் தூண்டில் முள் போல உள்ளே வளைந்திருந்தது. வெர்னா ஜோடியின் கடைசிப் புத்தகத்தை எடுத்து வந்து இரண்டையும் அருகருகே வைத்தார். ஒரே கையெழுத்து.

"யாரோ விளையாடுறாங்க," என்றேன்.

"பெட்டிய இப்பத்தான பிரிச்சேன். நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க?"

ரப்பரை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அடுத்த வருடம் 48. அதற்கடுத்து 66. வருடத்துக்கு ஒரே ஒரு குறி, புதிய புத்தகங்களில் ஏதோ ஒன்றில். எண் ஒருமுறையும் இறங்கவில்லை. வெர்னாவே எழுதுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. துக்கம் மனிதர்களை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று படித்திருக்கிறேன். ஆகவே 2001இல் தபால் நிலையத்திலிருந்து பெட்டியை நேராக என் வீட்டுக்கு எடுத்துப் போய், சமையலறை மேசையில் நானே பிரித்தேன். கடைசிப் புத்தகத்தில் இருந்தது. ஜே. டி. 112. அன்றோடு என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சந்தேகப்பட ஆள்தான் இல்லாமல் போனது.

ஏழு பக்கத்தில் மூடியவள் நூறு தாண்டி வந்துகொண்டிருந்தாள். எதை நோக்கி என்பதுதான் கேள்வி. ஒரு புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு.

அந்தக் காலத்தில்தான் வெர்னா தடித்த நாவல்களாக வாங்க ஆரம்பித்தார். முந்நூறு பக்கம், பிறகு நானூறு. குழுக் கூட்டத்தில் காரணம் கேட்டார்கள்.

"பிள்ளைங்க இப்பல்லாம் பெரிய புத்தகம்தான் கேக்குறாங்க."

ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. 2009இல் குறி 388ஐ எட்டியது. அந்தப் புத்தகத்துக்கு நானூற்று நான்கு பக்கம்.

மறு வருடம் செப்டம்பரில் மொரீன் நூலகத்துக்கு வந்தார். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. கடையிலிருந்து நேராக வந்திருந்ததால் மேல்கோட்டில் வெங்காய வாடை. நூலகத்தில் அந்தக் குறிகளைப் பார்த்துவிட்ட ஒரு பெண், பேஸ்டி வாங்கப் போன இடத்தில் விஷயத்தை உளறியிருந்தாள்.

"காட்டு," என்றார்.

வெர்னா பதின்மூன்று புத்தகங்களையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்து வரிசையாகத் திறந்து வைத்தார். அவற்றை அவர் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. மொரீன் ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"கிட்டத்தட்ட முடிச்சிட்டா."

"ஆமா."

"அடுத்தது எத்தன பக்கம்?"

ஆர்டர் தாள் மேசை மேல்தான் கிடந்தது. மொரீன் அதைத் திருப்பிப் படித்தார்.

"அறுநூறா? ஏன் வெர்னா, அவ முடிச்சிடக் கூடாதுன்னா?"

"முடிச்சிட்டா அப்புறம் வர மாட்டா."

"வர வேண்டாம்! பதினாலு வருஷமா எம்புள்ள உன் அலமாரியில பயந்துக்கிட்டு நிக்கிறா. போதும். அவ உன் பொண்ணு இல்ல."

வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மொரீன், அன்னிக்கு காலைல நான் ஃபோன் பண்ணேன். புத்தகத்தக் கேட்டு. அவதான் எடுத்தா."

"அவ எடுக்கல. நான் எடுத்தேன்." மொரீன் சத்தத்தைக் குறைத்துவிட்டார். "எங்க ரெண்டு பேர் குரலும் ஃபோன்ல ஒண்ணுதான்னு எல்லாரும் சொல்வாங்க. சரின்னு சொன்னது நான். அவ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், குளத்து வழியா ஓடிட்டு வா, சாப்பாடு ஆறிடும்னு சொன்னதும் நான்தான்."

ஒருவரும் அழவில்லை. வெளியே பள்ளிப் பேருந்து நின்று கிளம்பியது.

"சின்னதா ஒண்ணு வாங்கு," என்றார் மொரீன். "அவ முடிச்சிட்டான்னு ஒரு தடவ பாத்துட்டேன்னா, நான் போய்ச் சேர்றவரைக்கும் தாங்கிப்பேன். இல்லன்னா ஒவ்வொரு வருஷமும் திரும்ப அவள குளத்து வழியா அனுப்பி வெச்சிட்டே இருப்பேன்."

வெர்னா ஆர்டர் தாளை அடித்து எழுதினார். ஒரே ஒரு புத்தகம். தொண்ணூற்றாறு பக்கம்.

அக்டோபர் முப்பத்தொன்று. காலையிலேயே பனி விழத் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ஹாலோவீன் உடை எப்போதும் இரண்டு அளவு பெரிதாகத்தான் தைக்கப்படும், குளிர்க்கோட்டுக்கு மேல் போட வேண்டுமே. குண்டு குண்டான எலும்புக்கூடுகள் ஜன்னலைக் கடந்து மிட்டாய் வாங்கப் போய்க்கொண்டிருந்தன. மணி நான்கு. வெர்னா கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பினார். மொரீன் மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வெர்னாவுக்குப் பின்னால், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் அருகே நின்றேன். அது சூடாக இருந்தும் அந்த மூலை குளிர்ந்தது; ஈரக் கம்பளியின் வாடை வந்தது. எங்கள் மூன்று பேர் கோட்டுகளும் காய்ந்துதான் இருந்தன.

தபால் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. வெர்னா கத்தியால் கீறிப் புத்தகத்தை வெளியே எடுத்தார். மெல்லிய புத்தகம், பளபளக்கும் கறுப்பு அட்டை.

"நீயே பாரு," என்றார் மொரீன். கைகளை மடியில் இறுகக் கோத்திருந்தார். "என்னால முடியல. பாத்துச் சொல்லு."

வெர்னா பின்னட்டையைத் தன் பக்கமாகத் திறந்தார். நான் அவர் தோளுக்கு மேல் பார்த்தேன். தூண்டில் முள் வாலோடு ஜே. டி. அதன் பக்கத்தில் எண் இல்லை. ஒரே இழுப்பில், கை நடுங்காமல் போட்ட, முழுமையான ஒரு வட்டம்.

வெர்னா அதை நீண்ட நேரம் பார்த்தார். ஈர வாடை போய்விட்டிருந்தது.

அவர் புத்தகத்தை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, மொரீனின் கண்ணைப் பார்த்தார்.

"குறி எதுவும் இல்ல, மொரீன்," என்றார். "இந்த வருஷம் அவ வரல."