பதினான்கு ஆண்டுகளாக ஒரே கை

இந்தக் கட்டுரையில் உணவகத்தின் பெயர் இல்லை. முகவரியும் இல்லை. பயணக் கட்டுரைக்கு இது பெருங்குறை என்பது தெரியும். அந்த இடத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக வேறு இரண்டொரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். முப்பத்தொரு வருட நிருபர் வேலையில் நான் செய்யாத காரியம் இது.

பணி ஓய்வுக்குப் பிறகு ஐரோப்பாவின் பழைய சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போவது என் வழக்கம். பிராகில் ஒரு பீர் கூடம், லண்டனில் மரக்கூரை தலையில் இடிக்கும் ஒரு பப், மத்ரித்தில் விறகடுப்பு அணையாத ஒரு கடை என்று இதுவரை போய்வந்தேன். 2017 அக்டோபரில் பாரிஸுக்கு ஆறு நாள் ஒதுக்கினேன். விமான நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையம் வரை ரயிலுக்குப் பத்து யூரோ, முப்பத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் உள்ள ரூ காய் தெருவுக்கு நடந்தே போகலாம். அங்கே ஒரு புடவைக் கடைக்கு மேல், இரண்டாம் மாடியில் அறை. இரவுக்கு 48 யூரோ. லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

10ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, பகல் 12.10க்கு அந்த உணவகத்துக்குள் நுழைந்தேன். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கூடம். கறை படிந்த கண்ணாடிகள், பித்தளைத் தொப்பிக்கொக்கிகள், வெள்ளை ஏப்ரன் கட்டிய பரிமாறுபவர்கள். வெங்காய சூப் 7 யூரோ, பெஃப் பூர்கிஞோன் 17.50. சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சி அது. முள்கரண்டி பட்டதும் பிரிந்தது. குழம்பைக் கடைசிச் சொட்டு வரை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டேன். இந்த உணவை இதைவிட நன்றாக எங்கும் சாப்பிட்டதில்லை.

ஒவ்வொரு மேசையிலும் கடையின் வரலாறு சொல்லும் மடிப்புத்தாள் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு படம்: செம்புப் பாத்திரம், கரண்டி பிடித்த ஒரு வலது கை. மணிக்கட்டோடு படம் முடிந்துவிடுகிறது. கீழே, 'இந்தப் பாத்திரத்தைப் பதினான்கு ஆண்டுகளாக ஒரே கை கிளறுகிறது.' நினைவுக்காக எடுத்துவந்தேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ரூ காயில் ஒரு கடையில் இடியப்பம் சாப்பிட உட்கார்ந்தேன். ஆறு யூரோ, சொதியோடு. குறிப்பெழுத மடிப்புத்தாளை விரித்து வைத்திருந்தேன். எதிரே புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"ஐயா, உந்தத் தாளை எங்கை எடுத்தனீங்கள்?"

"நேத்து அங்க சாப்பிட்டேன் தம்பி."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

சொன்னேன். அவர் வலது கையைக் கழுவித் துடைத்து வந்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரலுக்குக் கீழே பிறை போல ஒரு தீக்காயத் தழும்பு. படத்திலும் அதே பிறை.

"நான் வைச்சது. எப்பிடி இருந்தது?"

கல்லாவில் இருந்த கடைக்காரர் சிரித்தார். "அண்ணை, பாரிசுக்கே இவன்தான் மாடு அவிச்சுப் போடுறான். ஆனா வாயிலை வைக்கமாட்டான். வெள்ளிக்கிழமை எண்டால் முட்டையும் இல்லை!"

"சாப்பிடாம எப்படிச் சமைக்கிறீங்க?" என்றேன்.

"மணத்திலை தெரியும். கரண்டியின்ரை முதுகாலை அமத்தினால் இறைச்சி சொல்லும். உப்பை மட்டும் குசினியிலை நிக்கிற போர்த்துகீசன் பார்ப்பான்."

அவரிடம் பெயர் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "கடையிலையோ, உண்மையிலையோ?" என்றார்.

அவருடைய அகதிக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அனுமதி பெற்ற மச்சானின் வதிவிட அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவர். இங்கே பலர் செய்தது அது. சம்பளத் துண்டு, வரி, எல்லாம் மச்சான் பெயரில். நாளைக்கு ஓய்வூதியமும் மச்சானுக்குத்தான் போகும்.

"முதலாளிக்குத் தெரியுமா?"

"பத்ரோனுக்கு ரெண்டாம் வருஷமே தெரியும் ஐயா. மச்சான் என்ரை சமையலைச் சாப்பிட வேணுமெண்டு அங்கை வந்து, தன்ரை பாங்க் கார்ட்டாலை காசு கட்டிப்போட்டான். அதிலை அதே பேர்! பத்ரோன் குசினிக்குள்ளை வந்து, 'உங்களிலை ஆர் நல்லாச் சமைக்கிறதோ அவன் நாளைக்கு வரட்டும்' எண்டு சிரிச்சவர்."

இப்போது மச்சான் லண்டனில் குடியேறிவிட்டார். பெப்ரவரியில் அட்டை காலாவதி, அவர் இனி அதைப் புதுப்பிக்கமாட்டார். இத்தனை வருடம் உழைத்ததைக் காட்டிச் சொந்தப் பெயரில் அனுமதி கேட்கலாம். நவம்பரில் பிரெபெக்ச்சர் என்ற அரசு அலுவலகத்தில் இவருக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். சம்பளத் துண்டில் உள்ள பெயரும் இவரும் ஒரே ஆள்தான் என்று முதலாளி எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வேண்டும். நாலு வரி போதும்.

"கேட்டனான். ஏலாதாம். எழுதினால், தெரிஞ்சுதான் வைச்சிருந்தது எண்டு ஆகிடுமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே போய்க் கேட்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ரை கதை வேண்டாம் ஐயா. பெப்ரவரி வரைக்குமாவது வேலை வேணும். சாப்பிட வந்த ஆள் மாதிரிக் கேளுங்கோ."

வியாழக்கிழமை அப்படியே கேட்டேன். உரிமையாளர் மூன்றாம் தலைமுறை, நல்ல ஆங்கிலம், நல்ல கோட்டு. பழைய உணவகங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் காபி வரவழைத்தார். தாத்தா வாங்கிய செம்புப் பாத்திரங்களின் எடையைக்கூடக் கிலோவில் சொன்னார். நான் படத்தில் விரலை வைத்து, இந்தக் கைக்கு உரியவரின் பெயரை வெளியிட விரும்புகிறேன் என்றேன்.

அவர் புன்னகை மாறவே இல்லை. "நாங்கள் பெயர் சொல்வதில்லை. அது இந்த வீட்டின் கை."

பாத்திரத்துக்கு எடை உண்டு, வயது உண்டு, வாங்கியவர் பெயர் உண்டு. கிளறுகிற மனிதனுக்குப் பெயர் கிடையாது. அமைச்சர்களிடமும் காவல் அதிகாரிகளிடமும் அடுத்த கேள்வியைத் தயங்காமல் கேட்டவன் நான். அன்று கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேன். அந்தக் கசப்பு இன்னும் இறங்கவில்லை. ஐரோப்பா முழுக்க 'மாறாத சுவை' என்று நான் இதுவரை எழுதிய பதிவுகளில், மாறாமல் நின்றவர் யார் என்று ஒரு இடத்திலும் கேட்டதில்லை. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

நவம்பரில் அவர் கடிதம் இல்லாமலே போனார். சம்பளத் துண்டுகளோடு அந்த மடிப்புத்தாளையும் கோப்பில் வைத்தார். அதை வாங்கிய பெண் அதிகாரி படத்தையும் இவர் கையையும் பார்த்தாராம். 'முகம் இல்லையே' என்றாராம். முடிவு இன்னும் வரவில்லை. பெப்ரவரியில் அட்டை முடிந்த அன்றே வேலையும் முடிந்தது. இப்போது புறநகரான எபினே-சூர்-செய்னில் ஒரு நண்பரின் கடையில் காய்கறி அடுக்குகிறார். முடிவு வரும்வரை கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று தொலைபேசியில் மறுபடியும் கேட்டுக்கொண்டார்.

பாரிஸ் போகிறவர்களுக்கு: பழைய உணவகங்களில் பகல் 12.15க்குள் போனால் முன்பதிவு இல்லாமலும் இடம் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் இலவசம், கேட்டால் கொண்டுவருவார்கள். ரூ காயில் மாலை ஆறு மணிக்கு மேல் நெரிசல். சாப்பிட்டு முடித்ததும் எந்தக் கடையானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'கி அ ஃபே சா?' யார் சமைத்தது என்று பொருள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

சென்ற வாரம் பாரிஸ் போன நண்பர் ஒருவர் அந்தக் கடையின் புதிய மடிப்புத்தாளைப் படமெடுத்து அனுப்பினார். அதே செம்புப் பாத்திரம், அதே பிறைத் தழும்பு. ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

பதினைந்து ஆண்டுகளாக.