சங்கு ஊதினாலும் தூங்கும் குழந்தை

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது, நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, ஒன்றுமே காதில் விழாதவள் மாதிரி வெளியே வருவது. ஹெட்போன் அழுத்தி அழுத்திக் காதுக்கு மேலே முடி கொட்டிப்போன என் சகோதரிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ட்யூட்டிக்கு ஓடுகிறவர்களும் நம் கட்சிதான்.

உண்மையில், ஒன்றரை வயதாகும் என் மகள் செலினைப் பற்றிய ஒரு பயத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளும் அவள் அப்பாவும் தூங்குகிறார்கள். நேராக அதில் கை வைக்கத் தைரியம் வரவில்லை. அதனால் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சமாதானப் பேச்சு

எங்கள் ஊர் திருச்சிக்கு வெளியே, ஒரு காலத்தில் உடைமரக் காடாகக் கிடந்த இடம். தொழிற்சாலை வந்தது, கூடவே டவுன்ஷிப் வந்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி குவார்ட்டர்ஸ். தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். குடிவந்த எல்லாருமே சின்ன வயசுக்காரர்கள். பெரியவர்களை முசிறியிலும் லால்குடியிலும் பாலக்காட்டிலும் விட்டுவிட்டு வந்தவர்கள். பிள்ளைக்கு ஜுரம் என்றால் யோசனை கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அதனால்தான் எங்கள் எக்ஸ்சேஞ்சில் போர்டு ஓய்வதே இல்லை.

இரும்புத் தகட்டைத் தட்டி வளைக்கிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் டெலிபோனில் கத்துவார்கள். பகலெல்லாம் அந்த இரைச்சலில் நின்றவர்களுக்குத் தங்கள் குரலே எட்டாது. கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததோ, குரலை உயர்த்தாமல் புன்னகையோடு பேச வேண்டும் என்பது. ஒருநாள் ஒரு ஃபோர்மேன், தங்கையின் கல்யாண விஷயமாக முசிறி வாழைக்காய் மண்டிக்கு வெளியூர் டிரங்க் கால் போட்டார். மண்டியில் போனை எடுத்த மாப்பிள்ளையின் அப்பா பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா சொல்லிடச் சொல்லும்மா, எதுக்கு இப்படித் திட்டுறாரு?" என்றார். நான் ஃபோர்மேனிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் பதறிப்போய், முன்னைவிடப் பலமாகக் கத்தினார்: "ஐயோ சம்பந்தி, நான் கெஞ்சிக்கிட்டு இருக்கேங்க!"

கேட்டவர் வீட்டில் இல்லை

பி.பி. கால் என்று ஒன்று உண்டு. யாரிடம் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வது. அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் முழுக் கட்டணம் கிடையாது. வடக்கே கட்டுமான வேலைகளுக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் இதில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும், அப்புறம் அவ்வப்போதும் தங்கள் வீட்டுக்கே போட்டு, தங்கள் பெயரையே கேட்பார்கள். மனைவி "அவர் ஊர்ல இல்லீங்க" என்பாள். கணவன் சுகமாக இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வோம்.

ஒரு வீட்டம்மா, பெயர் வசந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள், வாரா வாரம் இப்படித் தன் கணவர் ஊரில் இல்லை என்று எனக்குச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் அவர் இருந்த ஊரிலிருந்தே கால் வந்தது. அவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று அந்தப் பக்கத்து ஆபரேட்டர் என்னிடம் முன்பே சொல்லிவிட்டாள். நான் அதைச் சொல்லக் கூடாது. லைன் மட்டும்தான் கொடுக்க வேண்டும். "வசந்தாவுக்கு பி.பி. கால்" என்றேன், சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த குரலில். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே ரிசீவரை எடுத்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அவர் பேரைச் சொல்லலீங்களா? என் பேரையா சொன்னாங்க?"

தங்கமான பிள்ளை

எங்கள் பிளாக்குக்கு நேர் எதிரே தொழிற்சாலைச் சங்கு. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஊதும். ஜன்னல் கண்ணாடி அதிரும். பிளாக்கில் உள்ள கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீரிடும். அம்மாக்கள் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு குழந்தையைத் தூங்க வைத்திருப்பது எங்கள் ஊரில் பெரிய சாமர்த்தியம். அதைப் பற்றித்தான் தண்ணீர்க் குழாயடியில் பேச்சே.

என் செலின் எழுந்ததே இல்லை. சங்கு ஊதி முடிந்தும் வாயைச் சப்பிக்கொண்டு தூங்குவாள். எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏதாவது மருந்து கொடுக்கிறாயா என்றுகூட ஒருத்தி கேட்டாள். நான் பெருமையில் பூரித்துப்போவேன். ட்யூட்டி நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, தன் பிள்ளையைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, என் வாசலில் நின்று சொல்வார்: "பெத்தா உன்னை மாதிரி பெக்கணும் பிலோ, சங்குக்கே அசையாத தங்கமான பிள்ளை."

போர்டுக்குக் கீழே

ஒருநாள் சரோஜா அக்கா ஊருக்குப் போய்விட்டார். செலினை எக்ஸ்சேஞ்சுக்கே தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் சூப்பர்வைசர் ரங்கநாயகி மாமி, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறவர். மடி, ஆசாரம் எல்லாம் பார்ப்பார். ஆனாலும் "கீழே விடுடீ, தவழட்டும்" என்று தானே தரையைத் துடைத்துவிட்டார்.

யாராவது ரிசீவரை எடுத்தால் போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேல் ஒரு சின்ன மூடி விழும். கூடவே மணி அடிக்கும். மூடி விழுவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் செலின் கை தட்டிச் சிரித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். மாமி மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூடி எதுவும் விழாதபோது மணியை மட்டும் அடிக்கவிட்டார். செலின் தன் கால் கொலுசையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். நான் துள்ளினேன். செலின் துள்ளவில்லை. மாமி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பிலோ, கோச்சுக்காதேடீ, நீ நினைக்கிற மாதிரி இது நன்னாத் தூங்கற குழந்தை இல்லை."

வாயைப் பார்ப்பாள்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அதே தொழிற்சாலையில் கிரேன் பிரிவில் இருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு, செலினைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் ஒரு காது டாக்டரிடம் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அவள் காதோரம் "செலின், செலின்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். மூச்சுக்காற்று கூசியதும் சிரித்தாள். அதைக் கேட்டுத்தான் சிரிக்கிறாள் என்று கொஞ்ச தூரம் நம்பினேன்.

டாக்டர் இடுக்கி மாதிரி ஒன்றைத் தட்டிக் காதருகில் வைத்தார். பறை மாதிரி ஒன்றை அடித்தார். பிறகு உட்கார்ந்து, பிறவியிலேயே கேட்கும் நரம்பு சரியில்லை என்றார். காது மிஷின் வைத்தால் ஏதோ கொஞ்சம் எட்டலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இத்தனை நாள் கவனிக்கவில்லையா என்று கேட்டார். சங்கைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார். டெலிபோன் ஆபரேட்டர் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். "கேக்கலைன்னு நீங்க பேசறதை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா, அவ உங்க வாயைப் பாப்பா."

பதினைந்து டன்

அன்று சாயங்காலம் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தார். எத்தனையோ பேருடைய சாவுச் செய்தியை லைனில் போட்டுவிட்டவள் நான், என் வீட்டுச் செய்தியைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பூட்ஸைக் கழற்றும்போது, "பாப்பாவுக்குக் காது கேக்காதாம்" என்றேன். என்ன என்றார். மறுபடி சொன்னேன். கழற்றிய ஒரு பூட்ஸ் கையிலேயே இருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் ராத்திரி வந்து கூப்பிட்டப்பல்லாம் தூங்குறாள்னுல்ல நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

செலின் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலை மேலே காட்டி மெதுவாக வட்டம் போட்டார். பிறகு அவளைத் தூக்கினார். இறக்கிவிட்டு, விரலைக் கீழே காட்டினார். திரும்பவும் மேலே, திரும்பவும் தூக்கல். நாலைந்து தடவை நடந்திருக்கும். அடுத்த முறை அவர் விரலை மேலே காட்டியதும், அவர் தொடுவதற்கு முன்னாலேயே செலின் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "விளையாட்டு இல்லே பிலோ, ஷாப்ல பதினைஞ்சு டன் இரும்பை இப்படித்தான் தூக்குறோம், அங்க ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காது."

இன்றைக்கும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மற்றபடி, பகலெல்லாம் ஊரார் குரலை ஊரார் காதில் சேர்த்துச் சம்பளம் வாங்குகிற நான், சாயங்காலமானால் கிரேன்காரர்களின் கை ஜாடையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.